உடனெழுத்து

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். வைத்தவர் அவள் எழுதுவதையெல்லாம் சரிபார்ப்பவர். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று அவருக்குத் தெரியாது என்பதால், அவருக்குக் கண்ணாடி என்று இவள் பதிலுக்கு வைத்தாள். அகராதி என்றால் சொல்லுக்குப் பொருள் சொல்லும் புத்தகம். திமிர் பிடித்தவளையும் அப்படித்தான் சொல்வார்கள். "எந்த அர்த்தத்துல கூப்பிடுறீங்க?" என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் போட்டு வச்சது நானாங்க?" என்றார் கண்ணாடி.

கணினியிலும் கைபேசியிலும் வருகிற சொற்களைத் தமிழில் எழுதுவது அவள் வேலை. சேமி. நீக்கு. மீண்டும் முயலவும். கடவுச்சொல் தவறு. இதையெல்லாம் ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியிருப்பாள் என்று படிக்கிற எவருக்கும் தோன்றாது. இருபத்தொரு வருடமாக எழுதுகிறாள். அதற்கு முன்பு மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துவைக்கிற தாளை எழுதினாள். அதற்கும் முன்பு தொலைபேசி எண் புத்தகத்துக்குப் பிழை பார்த்தாள். இரண்டு மொழியில் படித்த பெண்ணுக்கு எந்த மொழியிலும் முழுசாகக் குடியிருக்க வாய்க்கவில்லை, இரண்டுக்கும் நடுவே சுமைதூக்கும் வேலைதான் வாய்த்தது என்று அவளே சொல்லிக்கொள்வாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் சந்தித்ததே லிஃப்டில்தான், அதுவும் பாதிப் பேர் மட்டும். அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள், அவன் வெளியே வந்து நின்றான். கதவு திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவன் கதவிடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே இருந்தான். என்ன படிச்சிருக்கீங்க, பயமா இருக்கா, எனக்கும் இந்த மாடல்னா கொஞ்சம் பயம்தான். முகம் பார்ப்பதற்கு முன்பே குரலை நம்பிக் கட்டிக்கொண்டவள் என்று அக்காள் இன்றைக்கும் கேலி செய்வாள்.

காது போக ஆரம்பித்தது நாற்பத்தொன்பது வயதில். முழுசாகப் போயிருந்தால்கூட ஒரு தெளிவு இருந்திருக்கும். சத்தம் கேட்டது, சொல் கேட்கவில்லை. க, ச, த, ப எல்லாம் முதலில் உதிர்ந்தன. யாராவது பேசினால் உயிரெழுத்துகள் மட்டும் தனியே மிதந்து வரும், மெய்யை அவள் தன் கையிலிருந்து போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். காதுக்குள் வைக்கிற கருவி ஒன்று வாங்கினாள். அது எல்லாவற்றையும் பெரிதாக்கியது, எதையும் தெளிவாக்கவில்லை. பாத்திரம் வைக்கிற சத்தம் இடிமாதிரி விழுந்தது. "சாப்பிட்டியா" மட்டும் பழையபடி "ஆ-இ-யா"வாகவே வந்தது.

நேரில் சமாளித்தாள். உதட்டைப் பார்ப்பாள், முடியை இழுத்துக் காதின்மேல் விட்டுக்கொள்வாள், "என்ன சொன்னீங்க?" என்பதற்குப் பதிலாக "எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்பாள். அதை எதிராளி மறுப்பு என்று எடுத்துக்கொண்டு விளக்கமாக ஒருமுறை சொல்வான். அகராதி என்ற பெயருக்கு அதுவும் பொருந்தியது. பிறகு நிறுவனம் அலுவலகத்தைக் காலி செய்து எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. கூட்டத் திரையில் உதடுகள் எல்லாம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டன.

போதாக்குறைக்கு அவள் வேலையில் கேட்கிற பகுதி ஒன்றும் இருந்தது. இயந்திரம் பேசுவதற்காக ஆட்கள் தமிழில் பேசிப் பதிவு செய்த வாக்கியங்களைக் கேட்டு, சரி, தவறு என்று குறிக்க வேண்டும். அந்தப் பதிவுகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் கணவன் கேட்டான். லிஃப்ட் கிரீஸ் போகாத விரலால் காதொலியை அழுத்திக்கொண்டு, "இந்த ஆள் வாழைப்பழத்தை வாளப்பளங்கறான். ஃபெயில்," என்பான். "நீ இதைச் சொல்லலாமா? நீயே அப்படித்தானே சொல்லுவ," என்பாள். "அதனாலதான் தெரியுது," என்பான். இது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அப்படி இருந்தபோதுதான் அந்த வசதி மொழிபெயர்ப்புக்கு வந்தது. பேசப் பேச அதைத் திரையின் அடியில் எழுத்தாகக் காட்டும். பெரிய மொழிகளுக்கு எப்போதோ வந்துவிட்டது, தமிழுக்கு இப்போதுதான். அந்தக் கோப்பைத் திறந்த அன்று அவள் மதியச் சாப்பாட்டை மறந்தாள். பெயரே ஒரு வாரம் இழுத்தது. 'நேரடித் தலைப்புகள்' என்று மேலிருந்து ஒரு யோசனை வந்தது. "தலைப்பா? பேசறவன் தலைக்கு மேலயா ஓடுது?" என்று திருப்பி அனுப்பினாள். நேரடி வசனம் என்றார் கண்ணாடி. "வசனம் நாடகத்துக்குங்க." கடைசியில் 'உடனெழுத்து' என்று போட்டாள். கண்ணாடி இரண்டு நாள் முனகிவிட்டு, "புள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரி வச்சிருக்கீங்க, இருக்கட்டும்," என்றார்.

அதே கோப்பில்தான் இன்னொரு வரியும் இருந்தது. பழைய கணினிகளில் இந்த வசதி ஓடாது. ஓடாதபோது காட்டவேண்டிய வாக்கியம். "இந்தக் கணினியில் உடனெழுத்து இயங்காது" என்று எழுதினாள். இல்லை, நிறுவனத்தின் சொற்பட்டியலில் 'ஆதரி' என்றுதான் இருக்கிறது, அதையே போட வேண்டும் என்றார்கள். "கணினி எதுக்கும்மா ஆதரிக்கணும்? அது என்ன அநாதை ஆசிரமமா?" என்று ஒருங்கிணைப்பாளரிடம் சண்டை போட்டாள். சின்னப் பெண், இவளை அக்கா என்று கூப்பிடுவாள். "அக்கா, எனக்குப் புரியுது. மேல இருக்கறவங்களுக்குப் புரியலையே," என்றாள். கடைசியில் அகராதி 'ஆதரிக்கவில்லை' என்றே எழுதி, முன்னால் ஒரு 'மன்னிக்கவும்' போட்டாள். அதையும் எடுத்துவிட்டார்கள், இயந்திரம் மன்னிப்புக் கேட்காதாம்.

வசதி வெளியான திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கே மடிக்கணினியைத் திறந்தாள். நிறுவனம் கொடுத்த இயந்திரம், எட்டு வருடப் பழசு. வேலை இரகசியம் என்பதால் கூட்டத்தைக்கூட வேறு எந்த இயந்திரத்திலும் திறக்க முடியாது. ஒரு கீறல் கிடையாது. 'ழ' இருக்கிற விசையில் மட்டும் எழுத்து தேய்ந்திருக்கும். புதுப்பிப்பு இறங்கி முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கூட்டத் திரையின் கீழ்வரிசையில் புதுசாக ஒரு பொத்தான், பக்கத்தில் அவள் வைத்த பெயர். பொத்தான் சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்தினாள்.

'உங்கள் கணினி உடனெழுத்தை ஆதரிக்கவில்லை.'

தான் எழுதிய வாக்கியம் தன்னிடமே வந்து நிற்பது அவளுக்கு அதுதான் முதல்முறை. திரும்ப அழுத்தினாள். அதே வாக்கியம். அணைத்துப் போட்டு வந்து அழுத்தினாள். வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை, அவள்தானே எழுதியது.

இயந்திரப் பிரிவுக்காரரிடம் தட்டச்சில் கேட்டாள். போனில் பேசினால் மாட்டிக்கொள்வாள்.

"மேடம், இந்த மாடலுக்கு அது வராது."

"அப்டேட் வந்துச்சே?"

"அப்டேட் வரும் மேடம். அந்த வசதி மட்டும் வராது. அதுக்குப் புது சிப் வேணும்."

"அப்ப பொத்தான் எதுக்கு வந்துச்சு?"

"பொத்தான் எல்லாருக்கும் வரும் மேடம்."

"அதாவது, பலகாரக் கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்க எல்லாருக்கும் இடம் உண்டு."

அவர் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினார். பிறகு, "இதுல மற்ற எல்லாம் நல்லா ஓடுதில்ல மேடம்? அந்த வசதி உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார். அவள் அந்தச் சாளரத்தை மூடினாள்.

போன வருடம் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள், ஐந்து மாதக் கைக்குழந்தைக்காரி. சேரும்போது கொடுத்ததால் அவளிடம் புது இயந்திரம். "அக்கா, உங்க உடனெழுத்து செம்மையா ஓடுது. ஆனா கீழ ஓடிக்கிட்டே இருக்கறது கண்ணை இழுக்குது, அணைச்சு வச்சுட்டேன்," என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு அகராதி எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே கழுவினாள்.

கைபேசியை மடிக்கணினிப் பக்கத்தில் வைத்து, பேச்சை எழுத்தாக்கும் இலவசச் செயலி ஏதோ ஒன்றை இறக்கிப் பார்த்தாள். அது மென்பொருளைப் பெண்பொருள் என்று எழுதியது. ஒருங்கிணைப்பாளர் "எல்லாரும் மென்பொருளைப் புரிஞ்சுக்கணும்" என்று சொல்லும்போது அது என்ன எழுதியது என்பதைக் கணவனிடம் காட்டினாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். அதோடு அதை நீக்கினாள்.

புது இயந்திரம் கேட்க ஒரு படிவம் உண்டு. அதில் காரணம் என்ற கட்டம். உடைந்தது, தொலைந்தது, உடல்நலத் தேவை, மற்றவை. மூன்றாவதில் ஒரு குறி போட்டால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

"போடேன்," என்றான் கணவன்.

"போட்டா குரல் வேலையை எடுத்துடுவாங்க. இத்தனை நாள் யார் கேட்டதுன்னு அடுத்த கேள்வி வரும். அதோட நான் காலி."

"நீயா சோடிக்காத."

"நான் சோடிக்கலை. போன வருஷம் வேற ஒரு மொழிக் குழுவுல பார்வை மங்கினவரை எப்படி அனுப்பினாங்க? ஓய்வெடுங்கன்னு அன்பாச் சொன்னாங்க."

"நாங்க நாப்பது வருஷ லிஃப்டை இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கோம். பார்ட்ஸ் இல்லைன்னா லேத்துல கடைஞ்சு போடறோம். எட்டு வருஷ மிஷினுக்கு இந்தக் கூத்தா?"

"உங்க லிஃப்ட் மேலயும் கீழயும்தானே போகுது. அதுக்கு என்ன புதுசா தெரியணும்?"

"நின்னா மட்டும் போன் பண்ணுவீங்க," என்றான் அவன்.

'மற்றவை'யில் குறி போட்டு, வேகம் போதவில்லை என்று எழுதி அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது: சோதித்துப் பார்த்ததில் வேகம் போதுமானது, அடுத்த சுற்றில் பரிசீலிக்கப்படும். அடுத்த சுற்றுக்கு ஒன்றரை வருடம் இருந்தது.

இதற்கு நடுவில் அந்த வியாழக்கிழமைக் கூட்டம் வந்தது. புதிய பணிமுறை பற்றிப் பேசுவோம் என்று முன்னாலேயே கடிதம் வந்திருந்தது. இனிமேல் இயந்திரம் முதலில் மொழிபெயர்க்கும், ஆட்கள் திருத்துவார்கள். கண்ணாடி தனியாக ஒரு வரி அனுப்பினார்: "நீங்கதான் மூத்தவங்க. எல்லாருக்கும் நீங்கதான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும், தயாரா இருங்க." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவள் நான்கு நாள் உட்கார்ந்து பதினாலு பக்கம் தயாரித்தாள். இயந்திரம் எங்கே தடுமாறும், ஒருமை பன்மையில் எங்கே கவிழும், மரியாதையை எங்கே தொலைக்கும் என்று உதாரணத்தோடு. மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெண்பொருளைக்கூட வைத்தாள். தான் இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நினைத்தாள்.

கூட்டத்தில் நான்கே பேர். ஒருங்கிணைப்பாளர் வழக்கம்போல ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு உருண்டை. கைக்குழந்தைக்காரி மடியில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி தலையைக் குனிந்திருந்தார். அகராதி இரண்டு காதொலியையும் அழுத்திக்கொண்டாள். "...மேலிடத்துல... மூணு பேர்... போதும்னு..." என்று வந்தது. மூன்று பேருக்கு விளக்கினால் போதும்போல என்று நிரப்பிக்கொண்டாள். "...யாராவது ஒருத்தர்... கஷ்டமாத்தான்..." குழந்தை வீரிட்டது. அதற்குப் பிறகு ஒருங்கிணைப்பாளரின் குரல் தனியாக, மெதுவாக வந்தது.

"அக்கா, நீங்க விலகுறீங்களா?"

விளக்குறீங்களா என்று அவளுக்குக் கேட்டது.

"ஓ, தாராளமா! நானே சொல்லணும்னுதான் இருந்தேன். தயாராத்தான் வந்திருக்கேன்."

யாரும் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கையை ஆட்டிப் பார்த்தாள். கண்ணாடி தலையை நிமிர்த்தினார்.

"எப்பலேர்ந்து அக்கா?" என்று கேட்டாள் ஒருங்கிணைப்பாளர்.

'எப்ப' மட்டும் கேட்டது. "நீங்க சொன்னா இப்பவேகூட."

"ஐயோ, இப்பவெல்லாம் வேணாம். மாசக் கடைசின்னு வச்சுக்கலாம்."

அது தெளிவாகக் கேட்டது. இன்றைக்கு இல்லையா என்று கொஞ்சம் ஏமாற்றம்கூட ஆனது அவளுக்கு. கைக்குழந்தைக்காரி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். தூக்கமில்லாத கண், பாவம் என்று நினைத்துக்கொண்டாள் அகராதி. கண்ணாடி நெஞ்சில் கையை வைத்து ஏதோ சொன்னார். "எதுக்குங்க இதெல்லாம், என் கடமைதானே," என்று சிரித்தபடி பதில் சொன்னாள். கூட்டம் நன்றாகப் போனதாக நினைத்து எழுந்துபோய்த் தேநீர் போட்டாள். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு முதல் செய்தி வந்தது, கைக்குழந்தைக்காரியிடமிருந்து. "அக்கா, இந்தக் காலத்துல யாரும் இப்படிச் செய்யமாட்டாங்க. எனக்காகத்தான்னு எனக்குத் தெரியும். பாப்பா பெரியவளானதும் உங்களைப் பத்திச் சொல்லுவேன்." பதினாலு பக்கத்துக்கா இத்தனை நன்றி என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு கூட்டக் குறிப்பு வந்தது. சம்பந்தப்பட்டவர் படித்து, திருத்தம் இருந்தால் செய்து, நாளை மதியத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்று மேலே எழுதியிருந்தது.

'குழுவை மூன்று பேராகக் குறைப்பது குறித்து விவாதிக்கப்பட்டது. மூத்த மொழிபெயர்ப்பாளர் தாமாக முன்வந்து விலக சம்மதித்தார். அவருடைய பெருந்தன்மையைக் கூட்டம் பதிவு செய்கிறது.'

மூன்று முறை படித்தாள். விலக. விளக்க. ஒரு ளகரம், நடுவில் ஒரு ஒற்று. ஊரார் எழுதியதில் இதைத் திருத்தித் திருத்தித்தான் இருபத்தொரு வருடம் சாப்பிட்டாள்.

திரையின் அடியில் ஒரே ஒரு சொல் ஓடியிருந்தால் போதும். ஒரு நொடி. அவள் வைத்த பெயரில், அவள் எழுதிய பொத்தானில். அந்தக் கறுப்பு மடிக்கணினியை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அது எப்போதும்போல மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டு, சொன்ன வேலையை எல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

சாயங்காலம் கணவன் வந்ததும் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் நின்றபடியே படித்தான். பிறகு அவள் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தான். அவளிடம் பேச வேண்டுமென்றால் இப்போதெல்லாம் அப்படித்தான்.

"நீ இதுக்குச் சரின்னியா?"

"விளக்குறீங்களான்னு கேட்டுச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று சொல்ல முடியாத முகம். "இப்பவே அந்தப் பொண்ணுக்கு எழுது. காது கேக்கலை, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு எழுது. நல்ல பொண்ணுதானே."

"எழுதினா கடைசியாச் சேர்ந்த அந்தக் கைக்குழந்தைக்காரி வெளிய போவா. நாலுல ஒண்ணு போயாகணும்."

"அதுக்காகவா எழுதாம இருக்க?"

ஆமாம் என்று சொல்ல நல்ல வாய்ப்பு. அவன் நம்பியும் இருப்பான்.

"இல்லை," என்றாள்.

"பின்ன?"

"பெருந்தன்மைன்னு எழுதியிருக்காங்க. திருத்தினா அந்த இடத்துல என்ன எழுதுவாங்க? செவிடுன்னு எழுதுவாங்க. இத்தனை நாள் ஏமாத்தினாள்னு எழுதுவாங்க. ஞாயித்துக்கிழமை யார் கேட்டதுன்னு உன்னையும் இழுப்பாங்க."

"என்னை எங்க வேணா இழுக்கட்டும். நான் கயித்துல தொங்கற ஆளுதானே."

"எனக்கு முடியாது."

"மிஷின் மேல பழியைப் போடேன். அது உன்னை ஆதரிக்கலைன்னு நீயே எழுதி வச்சிருக்கியே."

"போடலாம்," என்றாள். "படிவத்துல குறி போடாதது மிஷின் இல்லையே."

அவன் எழுந்து, கைகழுவப் போனான். போகிற வழியில் ஏதோ சொன்னான், முதுகுப்பக்கமாக. அவள் என்ன என்று கேட்கவில்லை.

கைக்குழந்தைக்காரிக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். 'இதுல என்னம்மா இருக்கு' என்று தொடங்கி, அழித்து, 'குழந்தையைப் பார்த்துக்க' என்று மட்டும் எழுதி அனுப்பினாள். அது ஒன்றுதான் பொய்யில்லாத வாக்கியமாக வந்தது. அப்புறம் கூட்டக் குறிப்பைத் திறந்தாள். 'தாமாக' என்ற சொல்லில் சுட்டி கொஞ்ச நேரம் நின்று துடித்தது. அதை எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள். தாண்டினாள்.

கணவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, குனிந்து, அவள் கண்ணுக்கு நேராகக் கேட்டான். "என்ன பண்ற? திருத்துறியா?"

"ம்."

"எதை?"

"விலகச் சம்மதித்தார்னு வரணும். அந்த 'ச்' போடலை," என்றாள். போட்டுவிட்டு ஒப்புதலை அழுத்தினாள்.